வேரை வெட்டினால் மரம் சாகுமா?

எங்கள் வீட்டில் ஒரு மரம் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், சொந்தமென்று சொல்ல ஒரு பிடி மண்ணும் இல்லாத இடத்தில், அந்த இத்தி மரம் இருபது வருடங்களுக்கு மேலாக எங்களோடு வாழ்கிறது. அதன் உயரம் இரண்டரை அடிதான். ஆனால் அடிமரத்தைப் பார்த்தால் ஊர்க் கோயில் வாசலில் நிற்கும் பழைய ஆலமரம் ஒன்று சின்னதாகி வந்து நிற்பதுபோல இருக்கும். கிளைகளிலிருந்து விழுதும் விட்டிருக்கிறது. பொன்சாய் என்று சொல்கிறார்களே, அதுதான்.

கடந்த சில மாதங்களாக அந்த மரம் சோர்ந்து போயிருந்தது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தன. ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலே தேங்கி நின்றது. மரம் சாடியின் விளிம்புக்கு மேலே ஒரு அங்குலம் எழும்பி நின்றது. சாடி முழுவதும் வேர் நிறைந்துவிட்டது என்பதற்கு இவையே அடையாளங்கள். இனி மரத்தை வெளியே எடுத்து, வேரைக் கத்தரித்து, புது மண்ணில் வைத்தே ஆகவேண்டும்.

மரம் பாரமானது. ஒருவரால் தூக்க முடியாது. கீழ்மாடியில் வாடகைக்கு இருக்கும் தங்கச்சியை உதவிக்குக் கூப்பிட்டேன். அவர் வன்னியிலிருந்து வந்தவர். 2009இல் கணவனை இழந்தவர். கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "வேரை வெட்டினா மரம் செத்துப்போகாதோ அக்கா?"

நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டேன். வாசகிகளில் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பீலியில் முளைத்த கன்று

2000ஆம் ஆண்டு சாவகச்சேரியை விட்டுக் கிளம்பி, அலைந்து திரிந்து, கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேலறையில் குடியேறினோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கூரையும் அதன் பீலியும்தான் தெரியும். அந்தப் பீலிக்குள் சருகும் தூசும் சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன இத்திக் கன்று முளைத்திருந்தது. காகமோ மைனாவோ பழத்தைத் தின்று எச்சமிட்டிருக்கும். கொழும்பின் பழைய மதில்களிலும் கூரைகளிலும் ஆலும் அரசும் இத்தியும் இப்படித்தான் முளைக்கின்றன. விட்டுவிட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். ஆகையால் வீட்டுக்காரர் ஒருநாள் ஆள் விட்டு அதைப் பிடுங்கி எறிந்தார். ஒழுங்கையில் கிடந்ததை நான் எடுத்து வந்தேன். பாதி வேர் பீலியோடு போய்விட்டது. மிச்சமிருந்த வேரோடு ஒரு பால்மாப் பேணியில் வைத்தேன். பிழைத்துக்கொண்டது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அரசங்கன்றை நான் எடுப்பதில்லை. பௌத்தர்களும் சைவர்களும் வணங்கும் மரம் அது. அயலவரின் மனம் நோகாமல் இருப்பதும் நல்லதுதானே. இத்தி, ஆல், பெஞ்சமின் அத்தி போன்றவற்றில் அந்தச் சங்கடம் இல்லை.

பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் பெரிய புல்வெளியில் குடைபோலப் படர்ந்து நிற்கும் ஜாவா அத்தி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பெஞ்சமின் அத்தி இனம். அதே இனம் ஒரு தட்டுச் சாடியிலும் வாழும். இரண்டிலும் விதை ஒன்றுதான். வேருக்குக் கிடைத்த இடமும், பார்த்துக்கொண்ட கையும்தான் வித்தியாசம்.

வேரை ஏன் வெட்டவேண்டும்?

மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவதுதான் பொன்சாய் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பட்டினி போட்ட மரம் சின்னதாகாது, செத்துப்போகும். கிளையையும் வேரையும் காலாகாலத்தில் கத்தரித்து, உரமும் தண்ணீரும் வெளிச்சமும் குறையாமல் கொடுப்பதாலேயே பொன்சாய் நூறு, இருநூறு வருடங்கள் வாழ்கிறது.

வேரில் இரண்டு வகை உண்டு. தடித்த வேர் மரத்தைப் பிடித்து வைக்கிறது, தண்ணீரைக் கடத்துகிறது. ஆனால் மண்ணிலிருந்து தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது நுனியில் இருக்கும் மயிர்போன்ற மெல்லிய வேர்கள்தான். சாடியில் வளரும் மரத்தின் தடித்த வேர்கள் போக வழியில்லாமல் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணும் இரண்டு மூன்று வருடங்களில் உக்கிச் சேறாகிவிடும். அதற்குள் காற்றுப் போகாது. வேருக்கும் மூச்சு வேண்டும். காற்றில்லாவிட்டால் அழுகத் தொடங்கும்.

தடித்த வேரை வெட்டினால், வெட்டிய இடத்துக்குப் பின்னாலிருந்து பல மெல்லிய வேர்கள் கிளம்பும். கிளையை நுள்ளினால் பக்கத்தில் இரண்டு தளிர் வருவதுபோலத்தான் இதுவும். வேரை வெட்டும்போது நாங்கள் மரத்துக்கு இடமும் காற்றும் புது வேரும் கொடுக்கிறோம்.

இளமரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கொரு முறையும், முதிர்ந்த பெரிய மரத்துக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கொரு முறையும் இதைச் செய்யலாம். ஆனால் கலண்டரைப் பார்த்துச் செய்யாதீர்கள், மரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஒழுங்காக இறங்கினால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

யப்பானிய மேப்பிளும் எங்கள் இத்தியும்

பொன்சாய்ப் புத்தகங்களைப் புரட்டினால் சிவப்பு இலையோடு நிற்கும் மேப்பிள் மரங்கள்தான் கண்ணைக் கவரும். யப்பானில் மேப்பிள் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி உறங்கும். குளிர் முடியும் தறுவாயில், மொட்டு விரிவதற்குச் சற்று முன்னர், பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், அதன் வேரைக் கத்தரித்துச் சாடி மாற்றுவார்கள். இலையில்லாத மரத்துக்கு அந்த நேரத்தில் தண்ணீர்த் தேவை குறைவு. வசந்தம் வந்ததும் புது வேரும் புது இலையும் சேர்ந்தே கிளம்பும்.

கொழும்பில் குளிர்காலமே இல்லை. உறக்கம் கிடைக்காத மேப்பிள் இங்கே வருடங்கள் போகப்போக மெலிந்து இறந்துவிடும். அந்த மரத்துக்கு ஆசைப்பட்டுக் காசை வீணாக்கவேண்டாம். எங்கள் மண்ணில் வளரும் இத்தி, ஆல், புளி, வாகை, காகிதப்பூ எல்லாம் அழகான பொன்சாய் ஆகும்.

எங்கள் மரங்களுக்குக் காலம் வேறு. இத்தி, ஆல் வகைகள் உறங்குவதில்லை. அவை சுறுசுறுப்பாகத் தளிர்விடும் நேரமே வேர் வெட்ட நல்ல நேரம். மழை தொடங்கி, வானம் மப்பாகவும் காற்று ஈரமாகவும் இருக்கும் நாட்கள் மிக நல்லவை. ஏப்ரல் உச்சி வெயிலில் செய்யாதீர்கள். நோயில் இருக்கும் மரத்திலும் செய்யாதீர்கள். வேர் நெருக்கத்தாலேயே சோர்ந்த மரம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதிலும் வேரைக் குறைவாகவே எடுக்கவேண்டும்.

நான் செய்த பிழை

கத்தரிக்கோலைப் பிடித்தபோது என் கையும் நடுங்கத்தான் செய்தது. அதற்குக் காரணம் உண்டு.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்தேன். கூரை இல்லை. கிணற்றடிப் புளியமரம் மட்டும் நின்றது. அதன் பழத்தில் நாலைந்து விதைகளை லேஞ்சியில் முடிந்துகொண்டு வந்தேன். ஒன்று முளைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாறியபோது மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். 2006இல் அதற்குச் சாடி மாற்றவேண்டி வந்தது. மணல் வாங்கக் காசு செலவழிப்பானேன், கடற்கரை ரயில் பாதைக்கு அப்பால்தானே இருக்கிறது என்று ஒரு பை கடல் மணல் அள்ளிவந்து கலந்தேன். இரண்டு கிழமையில் இலை விளிம்பு கருகியது. ஒரு மாதத்தில் கன்று காய்ந்துவிட்டது.

கடல் மணலில் உப்பு இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய வேருக்கு அது நஞ்சு. ஆனால் பிழை அதோடு முடியவில்லை. வேரை வெட்டிய அன்றே கன்றைக் கடல் பக்கப் பல்கணியில், வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்தேன். சீக்கிரம் தேறட்டும் என்று உரமும் போட்டேன். அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் ஏ9 பாதை மூடப்பட்டது. இன்னொரு விதை எடுக்கவும் போக முடியவில்லை.

பல நாள் என்னை நானே நொந்துகொண்டேன். பிறகுதான் ஒன்று விளங்கியது. புளியங்கன்று வேரை வெட்டியதால் சாகவில்லை. வெட்டிய பிறகு நான் அதைப் பார்த்துக்கொண்ட விதத்தால்தான் செத்தது.

செய்முறை

தேவையான பொருட்களுக்கு அதிக செலவில்லை. கூரான கத்தரிக்கோல், சிறு கைவாள், வளைந்த பழைய முள்ளுக்கரண்டி, ஒரு மெல்லிய தடி, பிளாஸ்ரிக் வலைத் துண்டு, கட்டுக்கம்பி, ஈரச்சாக்கு, தண்ணீர் தெளிக்க ஒரு போத்தல். இவை போதும்.

மண்: உடைத்த செங்கல் துண்டு இரண்டு பங்கு. பச்சைப்பயறு முதல் கடலை வரையான அளவில் இருக்கட்டும். கழுவிய பருமணல் ஒரு பங்கு. கொம்போஸ்ட் பசளையும் தும்புத்தூளும் கலந்து ஒரு பங்கு. செங்கல்லையும் மணலையும் அரித்து, மாப்போன்ற தூளை அகற்றிவிடுங்கள். தூள்தான் பிறகு சேறாகித் தண்ணீரை மறிக்கும். தும்புத்தூளையும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கக்கூடும். கடற்கரை மணல் வேண்டாம். அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

முதல் நாள்: தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் சற்று உலர்ந்திருந்தால் இலகுவாக உதிரும்.

வெளியே எடுத்தல்: நிழலில் வேலை செய்யுங்கள். சாடியின் உள்விளிம்பைச் சுற்றிக் கத்தியை ஓட்டுங்கள். அடியில் கட்டிய கம்பியை வெட்டுங்கள். ஒருவர் சாடியைப் பிடிக்க, மற்றவர் அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துத் தூக்கவேண்டும். கிளையைப் பிடித்து இழுக்கக்கூடாது. நாங்கள் இருவரும் இப்படித் தூக்கியபோது சாடியின் வடிவிலேயே வேர்க்கட்டு முழுதாக வந்தது. பாய் பின்னியதுபோல வேர். மண்ணைக் காணவே கிடைக்கவில்லை.

சிக்கெடுத்தல்: வெளி விளிம்பிலிருந்து உள்ளே நோக்கி, முள்ளுக்கரண்டியால் தலைமுடிக்குச் சிக்கெடுப்பதுபோல மெதுவாக இழுத்துவிடுங்கள். அவசரப்பட்டால் மெல்லிய வேர் அறுந்துவிடும். பெரிய மரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இடையிடையே தண்ணீர் தெளியுங்கள். கை வைக்காத பக்கத்தை ஈரச்சாக்கால் மூடுங்கள். வேர் காய்ந்தால் எல்லாம் வீண்.

வெட்டுதல்: கறுத்து அழுகிய வேரை முதலில் எடுங்கள். அடுத்து நேரே கீழ்நோக்கிப் போகும் தடித்த வேர். அதன்பின் சுற்றிச் சுற்றி ஓடிய வேர். அடிமரத்துக்கு அருகே உள்ள மெல்லிய வேர்களைப் பொன்போலக் காப்பாற்றுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. சோர்ந்த மரமென்பதால் நான் கால்வாசியோடு நிறுத்தினேன். வெட்டிய இடத்தில் பால் வடியும். தண்ணீர் தெளித்தால் நிற்கும். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது. சிலருக்குத் தோலும் கடிக்கும்.

இலையைக் குறைத்தல்: வேர் குறைந்த அளவுக்கு இலையும் குறையவேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சுவதைவிட ஆவியாகும் தண்ணீர் கூடிவிடும். நுனித் தளிர்களையும் பெரிய இலைகள் சிலவற்றையும் கத்தரித்துவிடுங்கள்.

சாடியில் வைத்தல்: சாடியைக் கழுவி, துவாரத்தின்மேல் வலை வைத்து, துவாரம் வழியாகக் கட்டுக்கம்பியை மேலே எடுங்கள். அடியில் பருங்கல் ஒரு படை. அதன்மேல் மண்ணைக் குவித்து, மரத்தை வைத்து, இடமும் வலமும் அசைத்து அமர்த்துங்கள். பிறகு கம்பியால் வேர்க்கட்டை இறுக்குங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மரம் காற்றில் ஆடினால், புதிதாக வரும் வேர் ஒவ்வொரு ஆட்டத்திலும் அறும். பிறகு மண்ணைப் போட்டு, தடியால் குத்திக்குத்தி இடைவெளிகளை நிரப்புங்கள். கையால் அழுத்தவேண்டாம். அடியால் வரும் தண்ணீர் தெளிவாகும்வரை பூவாளியால் ஊற்றுங்கள்.

விலைகூடிய பொன்சாய்ச் சாடி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். துவாரமிட்ட பிளாஸ்ரிக் பேசினும், மீன் வரும் ரெஜிபோம் பெட்டியும் நன்றாகவே உதவும். ரெஜிபோம் பெட்டியில் வேர் சூடாகாது என்பதால் இளங்கன்றுக்கு அது இன்னும் நல்லது.

முதல் நாற்பது நாள்

வெட்டுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். மரம் பிழைப்பதும் பிழைக்காததும் அதற்குப் பிறகு வரும் நாட்களில்தான் தீர்மானமாகிறது.

முதல் மூன்று, நான்கு கிழமைகளுக்கு வெளிச்சமுள்ள நிழலில், காற்றுப்படாத மூலையில் வையுங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் வேண்டாம், உள்பக்கம் வையுங்கள். மண்ணின் மேற்பரப்பு உலரத் தொடங்கும்போது மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இலைக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கலாம். ஆறு கிழமைக்கு உரம் வேண்டாம். வாயில் புண் இருப்பவருக்கு உறைப்புக் கறி கொடுப்பதுபோலத்தான் அது. வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்கவும் கூடாது. சில இலைகள் விழும். பயப்படாதீர்கள். புதுத் தளிர் தொடர்ந்து வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு சிறிது சிறிதாகக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். கொழும்பில் டெங்கு நுளம்பு பெருகுவது இப்படியான தட்டுகளிலும்தான். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

"எங்களை ஆர் கத்தரிச்சவை?"

வேர்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி சொன்னார்: "நீங்கள் பாத்துப் பதமா வெட்டுறியள் அக்கா. எங்களை ஆர் கத்தரிச்சவை? பிடுங்கியெல்லோ எறிஞ்சவை."

உண்மைதான். அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. மரத்தையும் மனிதரையும் ஒன்றாகச் சொல்லிவிட முடியாது. எங்களுக்கு நடந்தது ஒரு தோட்டக்காரர் யோசித்துச் செய்த வேலை அல்ல.

ஆனால் பிடுங்கி எறியப்பட்டவர்களின் கதைகளும் இந்த மரக்கலைக்குள் இருக்கின்றன. 1923ஆம் ஆண்டு பூமியதிர்ச்சியில் டோக்கியோ நகரம் அழிந்தபோது, அங்கிருந்த பொன்சாய் வளர்ப்போரில் பலர் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி ஓமியா என்ற இடத்துக்குப் போனார்கள். 1925இல் அவர்கள் அங்கே அமைத்த கிராமம்தான் இன்று உலகம் அறிந்த பொன்சாய்க் கிராமம்.

ஹிரோஷிமாவில் 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு விழுந்தபோது, யமாக்கி என்ற குடும்பத்தின் பொன்சாய்த் தோட்டம் அங்கிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. தோட்டத்து மதில் மறைத்ததால் ஒரு வெள்ளைப் பைன் மரம் தப்பியது. 1625 முதல் சாடியில் வளர்ந்துவந்த மரம் அது. மசாரு யமாக்கி 1976இல் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். வாஷிங்டனில் அது இன்றும் இருக்கிறது. குண்டுக்குத் தப்பிய மரம் அது என்று, 2001இல் அவருடைய பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் அங்குள்ளவர்களுக்குத் தெரியவந்தது.

என் மனதில் அதிகம் நிற்பது சுசுகோ நுமத்தா என்ற பெண்ணின் கதை. அந்தக் குண்டு விழுந்தபோது அவருக்கு 22 வயது. ஒரு காலை இழந்தார். அவர் மணமுடிக்க இருந்தவரும் போரில் இறந்துவிட்டார். இனி ஏன் வாழவேண்டும் என்று இருந்தவர், தான் வேலை செய்த அலுவலக முற்றத்தில் பாதி எரிந்து நின்ற மரமொன்று துளிர்விட்டிருப்பதைக் கண்டார். பிறகு ஆசிரியையானார். அந்த மரம் 1973இல் வேரோடு எடுக்கப்பட்டு ஹிரோஷிமா சமாதானப் பூங்காவில் நடப்பட்டது. பிற்காலத்தில் அவர் அந்த மரத்தடியில் நின்று, பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தன் கதையைச் சொல்லிவந்தார். 2011இல் அவர் காலமானார். மரம் இன்னும் நிற்கிறது. அதன் விதையில் முளைத்த கன்றுகள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன.

இதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த மரத்தை மாத்தி வைச்ச பிறகு ஆரோ பாத்திருப்பினம் என்ன?"

பார்த்திருப்பார்கள். யாரும் பார்க்காமல் அது பிழைத்திருக்காது. வேர் எப்படி அறுந்தது என்பதை மாற்ற எங்களால் முடியாது. அறுந்த பிறகு நிழல் கொடுப்பதும், அளவாகத் தண்ணீர் ஊற்றுவதும், ஆடாமல் கட்டிவைப்பதும், அவசரப்படுத்தாமல் விடுவதும் எங்கள் கையில் இருக்கிறது. புதிதாக இடம்மாறி வந்த ஒரு பெண் உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அவருக்கும் இதே கணக்குத்தான்.

வெட்டிய வேர்

பொன்சாய் விற்று உடனே வருமானம் காணலாம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மரம் ஆக வருடங்கள் எடுக்கும். பீலியிலும் மதிலிலும் முளைத்த கன்றுகளை இரண்டு, மூன்று வருடம் பதப்படுத்தினால் நேர்சரிகளில் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை அது உங்களுக்கு ஒரு துணை.

பதினெட்டாம் நாள் எங்கள் இத்தியின் நுனிகளில் சிவந்த மொட்டுகள் தெரிந்தன. ஓடிப்போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவர் தன் குசினி ஜன்னலைக் காட்டினார். நான் வெட்டி எறிந்த வேர்களில் விரல் தடிப்பான ஒரு துண்டை அவர் அன்றே எடுத்துப் போயிருக்கிறார். அடியில் துவாரமிட்ட பால்மாப் பேணியில், மேல்முனை கொஞ்சம் வெளியே தெரிய நட்டிருந்தார். இத்தியின் தடித்த வேர்த்துண்டு இப்படி முளைக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதில் இன்னும் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. "அவசரப்படுத்தக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்" என்றார். மேலும் ஐந்து கிழமை போனபின் ஒருநாள் காலை, அவர் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார். கையில் பேணி. வேரின் வெட்டுவாயில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.